லீதியாளுக்காக ஒரு அசனம்

பாலோ, ஜோகூர்
4 ஜூன் 1927

கர்த்தருக்குள் பிரியமான அக்கா ஞானதீபத்துக்கும் அத்தானுக்கும், தம்பி ஜெயபாலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் சின்னவள் எஸ்தரின் சுகத்துக்கும் எழுதவும்.

நாங்கள் சுகம் என்று எழுத முடியவில்லை. லீதியாளுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். எங்கள் தோட்டத்துக்குக் குளிர்காய்ச்சல் புதிதல்ல. காட்டை வெட்டி ரப்பர் வைத்த பக்கமெல்லாம் கொசு. கூலிகளின் லயத்தில் படுத்து எழும்பாத வீடே இல்லை. ஆனால் இவளுக்கு விட்டு விட்டு வருகிறது. கொயினா மருந்து கொடுத்தால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு பழையபடி உதறல். இடப்பக்க விலாவுக்குக் கீழே கட்டி போல இறுகிக்கிடக்கிறது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சபாபதி நல்ல மனிதர். ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "கிராணியாரே, இது நம்ம கைமருந்துக்கு அடங்குற ஜுரமா தெரியலை. குளுவாங் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். திங்கட்கிழமை ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறேன். துரை லீவு கொடுத்துவிட்டார்.

அக்கா, இங்கே கோயில் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து பாதிரி ஐயர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். வேதக்காரர்கள் என்று இந்தத் தோட்டத்தில் நானும் இவளும்தான். தனியாக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினால் என் சத்தம் தகரக் கூரையில் முட்டி அங்கேயே நின்றுவிடுகிறது என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தான் கோயிலில் விண்ணப்பங்களை வாசிக்கும்போது இவள் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி,
ஜெயபாலன்


கிருபாபுரம், திருநெல்வேலி ஜில்லா
26 ஜூன் 1927

அன்புத் தம்பிக்கும் என் செல்ல லீதியாளுக்கும், அக்காள் ஞானதீபம் ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். எஸ்தர் சுகத்துக்கு மேலே சுகம். நேற்றுக் கோயில் மணிக்கயிற்றில் தொங்கி, உபதேசியார் மகள் என்ற பெயருக்கு நல்ல மரியாதை வாங்கிக்கொடுத்தாள்.

ஏன்டா, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டா இருந்தாய்? உன் அத்தான் போன ஞாயிறே விண்ணப்பம் வாசித்துவிட்டார்கள். "ஜோகூர் தேசத்தில் வியாதியாயிருக்கும் நம்முடைய சகோதரி லீதியாள்" என்றதும் பெண்கள் பக்கம் முழுக்க ஐயோ ஐயோ என்று சத்தம். அவளை இங்கே யாருக்குத்தான் தெரியாது? பாட்டை எடுத்துக்கொடுக்க அவள் இல்லாமல் நாங்கள் ஆளுக்கொரு ராகத்தில் கத்திக்கொண்டிருக்கிறோம்.

கேள். வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் எல்லாரும் லீதியாளுக்காக உபவாசம் இருப்பது என்று முடிவு. பகல் முழுக்கத் தண்ணீர்தான், சாயங்காலம் ஜெபம். பனையேறி வீட்டு வெள்ளையம்மா இருக்கிறாளே, அவள் வீட்டில் உலை கொதிக்கிற நாளே குறைவு. அவளும் வெள்ளிக்கிழமை வயிற்றைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருகிறாள். அதோடு சோறு பொங்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி லீதியாள் பேருக்கு எடுத்துவைக்கிறோம். அவள் எழும்பினாள் என்ற செய்தி வந்ததும் அந்த அரிசியில் கோயில் வளவில் அசனம் வைக்கிறோம். சாதி சனம் பார்க்காமல் ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது கர்த்தருக்குச் செய்த பொருத்தனை.

காய்ச்சல் விட்ட நாளைத் தேதி போட்டு எழுது. நாங்கள் ஜெபித்த நாளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். லீதியாளைத் தைரியமாக இருக்கச் சொல்லு.

ஆசீர்வாதத்துடன்,
அக்காள்


பாலோ
14 ஜூலை 1927

பிரியமான அக்காவுக்கு, தம்பியின் ஸ்தோத்திரம். நீங்கள் மூவரும் சுகமாயிருப்பதைக் கேட்டு சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக்காட்டினேன். ஆளுக்கொரு ராகம் என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் அழுகை வந்துவிட்டது. இது அவள் சொல்லி நான் எழுதுவது: "மதினிகிட்ட சொல்லுங்க, வெள்ளையம்மாக்காவைப் பட்டினி போடவேண்டாம். அவங்களே எலும்பும் தோலுமா இருக்காங்க."

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மறுபடியும் காய்ச்சல். சபாபதி வந்து கேட்டபோது, "நல்லாயிருக்கேன் அண்ணே, ஒண்ணுமில்லை" என்று அவரை அனுப்பிவிட்டாள். அவர் படியிறங்கியதும் திரும்பிப் பார்க்கிறேன், சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பல் கிட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், வேலைக்கு நேரமாச்சு, போங்க என்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து லயத்துக் காளியம்மா வந்து கூட இருக்கிறாள்.

ஜெபத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜெயபாலன்


கிருபாபுரம்
3 ஆகஸ்ட் 1927

அன்புத் தம்பிக்கு, அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம். லீதியாளின் சுகத்தைக் கேட்கவே இந்தக் கடிதம்.

ஜெபத்தை விட்டுவிடாதீர்கள் என்று எனக்கா எழுதுகிறாய்? நல்ல பிள்ளை! போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எழும்பும்போது எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சல். பாரம் இறங்கிப்போச்சு என்று ஒருத்தி சொல்ல, எனக்கும் அப்படியே இருந்தது என்று இன்னொருத்தி சொல்ல, நான் அங்கேயே சொல்லிவிட்டேன்: லீதியாள் எழும்பிவிட்டாள். உன் பதில் வந்து சேருவதுதான் பாக்கி. எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒன்று சொல்லவேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பக்கத்து ஊர்ச் சபையில் ஒருத்தருக்காக மாதக்கணக்கில் ஜெபம் நடந்தது. அவர் போய்விட்டார். அந்த வீட்டில் ஏதோ ஒளித்த பாவம் இருந்தது, அதுதான் தடை என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய பெண்சாதி இப்போது கோயிலுக்கு வந்தால் தூண் மறைவில் உட்காருகிறாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் நெருப்பில்லாமல் புகை வருமா என்றும் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இராது. இருந்தால் உன் காதைத் திருகியிருப்பேனே. ஆனாலும் புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்து மனதை ஆராய்ந்து பாருங்கள். இங்கே இத்தனை பேர் வயிற்றைக் காயப்போட்டு ஜெபிக்கும்போது தடை உங்கள் பக்கம் இருக்கக் கூடாது.

சீக்கிரம் பதில் போடு. அரிசி இரண்டு பானை நிறைந்துவிட்டது.

ஆசீர்வாதத்துடன்,
அக்காள்


பாலோ
27 ஆகஸ்ட் 1927

பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும், ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால் தாமதம்.

லீதியாளுக்குக் காய்ச்சல் விட்டது. ஆகஸ்ட் மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. இப்போது கஞ்சி குடிக்கிறாள். வீட்டுக்குள் நடமாடுகிறாள்.

எல்லாருக்கும் அவளுடைய ஸ்தோத்திரத்தைச் சொல்லச் சொன்னாள். இனி யாரும் உபவாசம் இருக்கவேண்டாம்.

ஜெயபாலன்


செனாய்
2 செப்டம்பர் 1927

அன்புள்ள கிராணியார் ஜெயபாலன் அவர்களுக்கு, சபாபதி வணக்கம். இந்தப் புதுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். அலமாக் என்று மலாய்க்காரர்போல் தலையில் கைவைக்கத்தான் தோன்றுகிறது, மழை பெய்தால் நோயாளியோடு கட்டிலையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி லீதியாளை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகப்போகிறது. என் மனசு இன்னும் ஆறவில்லை. கடைசி இரண்டு நாளில் மூத்திரம் கறுத்துப்போனதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எந்த ஆஸ்பத்திரியும் ஒன்றும் செய்ய முடியாது என்று. நீங்கள் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

ஆனால் அன்றைக்குக் குழிக்குப் பக்கத்தில் உங்கள் ஜெபப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்களே, ஒரு வார்த்தை வாசிக்கவில்லையே, அதுதான் எனக்கு நினைப்பு. மழையில் லயத்து ஆட்கள் எல்லாம் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் காளியம்மாதான் "போயிட்டு வா தாயி" என்று மண்ணைப் போட்டாள். துக்கம் தாங்காமல்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகும் நீங்கள் யாரிடமும் பேசவில்லையாம். காலையில் பெரட்டுக் களத்தில் கூலிகளை நிறுத்திப் பேர் கூப்பிடுவதோடு சரியாம்.

ஊரில் அக்காவுக்கு எழுதிவிட்டீர்களா? அவர்கள் பதில் போட்டார்களா? மதினி மதினி என்று தங்கச்சி உயிரையே விட்டாள். அவர்களிடம் அழுதாலாவது உங்களுக்கு ஆறும்.

வணக்கம்,
சபாபதி


கிருபாபுரம்
18 செப்டம்பர் 1927

என் தம்பிக்கும், செத்துப் பிழைத்த என் தங்கம் லீதியாளுக்கும், அக்காள் ஆயிரம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது!

வெள்ளிக்கிழமைடா! ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை! நாங்கள் முழங்காலில் நின்ற அதே நாள். உன் அத்தான் கோயிலில் உன் கடிதத்தை வாசித்துத் தேதியைச் சொன்னதும் வெள்ளையம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அத்தானே பீடத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் அழுது நான் பார்த்ததில்லை.

நேற்று அசனம். சோறும் கறிக்குழம்பும். கோயில் வளவு கொள்ளவில்லை. கீழத்தெருவார், மேலத்தெருவார், வேதத்துக்கு வராதவர்கள்கூட வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். எல்லார் வாயிலும் லீதியாள் பேச்சுதான். நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். உன் அக்காளுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? பக்கத்து ஊர் விதவை, தூண் மறைவில் உட்காருவாள் என்று எழுதினேனே, அவளும் வந்தாள். என் சாட்சி முடிவதற்குள் இலையில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டாள். பிறத்தியார் சந்தோஷத்தைச் சிலருக்குப் பார்க்க முடிவதில்லை.

எஸ்தர் ஓடியாடி அடுப்புக்கல்லில் இடறி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

லீதியாளுக்கு ஒரு சேலை பார்சலில் அனுப்புகிறேன். மாம்பழ நிறம். பெண்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்தது. கட்டிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று அவள் கையாலேயே நாலு வரி எழுதச் சொல்லு. அவள் கையெழுத்தைப் பார்க்க ஆசையாயிருக்கிறது.

அக்காள்


பாலோ
9 அக்டோபர் 1927

அன்புள்ள சபாபதி அவர்களுக்கு, ஜெயபாலன் வணக்கம். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுவதை மன்னிக்கவும். சாப்பிடுகிறேன்.

அக்காவுக்கு எழுதிவிட்டீர்களா என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். லீதியாள் பிழைத்துக்கொண்டாள் என்று எழுதினேன்.

நீங்கள் இதை இரண்டாம் தடவை வாசித்துப் பார்ப்பீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அவள் போய்ப் பதின்மூன்று நாள் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. லீதியாள் எழும்பிவிட்டாள், எனக்குச் சந்தேகமே இல்லை என்று அதில் இருந்தது. கீழேயே, ஜெபம் பலிக்காத வீட்டில் ஒளித்த பாவம் இருக்கும் என்றும் இருந்தது. ஒரு வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இறந்தாள் என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதுதான் பயம். அந்தக் கடைசி நாள் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள், நான் செய்யவில்லை. அது என்னவென்று உங்களிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. குழிக்குப் பக்கத்தில் என் வாயை அடைத்தது துக்கமில்லை, வெட்கம்.

அங்கே ஊருக்கெல்லாம் விருந்து போட்டுவிட்டார்கள். அவளுக்கு ஒரு சேலை வந்திருக்கிறது. மேசைமேல் கிடக்கிறது. நேற்றுதான் அக்காவுக்குப் பதில் போட்டேன்: சேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, கை நடுக்கம் இன்னும் நிற்காததால் எழுத முடியவில்லை என்று. அப்படி எழுதும்போது என் கை நடுங்கவில்லை, டிரசரே. கிடுகிடுவென்று ஓடிற்று. அதுதான் எனக்கு அருவருப்பாயிருக்கிறது.

என்னைப்பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லவேண்டாம்.

ஜெயபாலன்


கிருபாபுரம்
30 அக்டோபர் 1927

அன்புத் தம்பிக்கும் லீதியாளுக்கும், அக்காள் எழுதுவது. சேலை பிடித்தது என்று கேட்டு எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் சுகம் இந்த முறை கொஞ்சம் குறைச்சல்தான்.

எஸ்தருக்கு அசனத்தில் பட்ட காயம் மேலே ஆறி உள்ளே பழுத்துவிட்டது. முழங்கால் பானை மாதிரி வீங்கி, தொட்டால் கத்துகிறாள். காய்ச்சலும் இருக்கிறது. போன வாரம் உன் அத்தான் அவளை மாட்டு வண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கீறிச் சீழை எடுக்கவேண்டும், விட்டால் எலும்புக்குள் இறங்கிவிடும், காலுக்கும் ஆபத்து உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். ஏழு வயதுப் பிள்ளை காலில் கத்தியா? நான் ஆள் அனுப்பித் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.

உன் அத்தானுக்கு மனசில்லை. "ஞானம், டாக்டர் சொன்னதைக் கேப்போம்" என்று இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றினார்கள். "பெரியாஸ்பத்திரி ஊசி போட்டும் லீதியாளுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்துச்சா இல்லையா? பொறவு யார் எழுப்பினது? லீதியாளை எழுப்பினவருக்கு ஒரு முழங்கால் எம்மாத்திரம்? கோயில்ல நின்னு சாட்சி சொல்லிப்புட்டு எம் பிள்ளைன்னு வந்ததும் கத்தியைத் தேடி ஓடினா ஊர் சிரிக்காதா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மறுபடியும் வெள்ளிக்கிழமை உபவாசம் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் அங்கே ஜெபியுங்கள். முக்கியமாக லீதியாள் ஜெபிக்கட்டும். மரண வாசல் வரை போய் வந்தவள், அவள் கேட்டால் கிடைக்கும்.

அக்காள்


தந்தி
குளுவாங், 15 நவம்பர் 1927

லீதியாள் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இறந்துவிட்டாள். பிழைத்ததாக எழுதியது பொய். எஸ்தரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. ஜெயபாலன்.


பாலோ
15 நவம்பர் 1927

அக்கா,

சுகம் விசாரித்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தந்தி கிடைத்திருக்கும். எஸ்தரைக் கொண்டுபோயிருப்பாய் என்று நம்புகிறேன். கொண்டுபோயிருக்கவேண்டும். உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலையைப் போட்டுவிட்டு ரயிலேறித் தந்தி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பையனிடம் வாசகத்தைச் சொன்னேன். பொய் என்ற வார்த்தையைச் சொன்னபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததையே தாங்க முடியவில்லை. நீ பார்க்கிற நாளை நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று அவளுக்கு நினைப்பிருந்தது. காலையில் என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கும் அங்க சாப்பிடாம இருப்பாங்கள்ல?" என்றாள். ஆமா என்றேன். "எத்தனை வெள்ளிக்கிழமை ஆச்சு! இத்தனை பேரு பட்டினி கிடந்து, நான் எழும்பாமப் போனா அவங்களுக்கு எவ்வளவு அவமானம். மதினி ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். சேலையைக் கடித்துக்கொண்டு காய்ச்சலை மறைத்ததற்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் சொன்னாள். சாகப்போகிறோம் என்ற பயம் அவளுக்கு இல்லை அக்கா. உங்கள் எல்லாரையும் ஏமாற்றுகிறோம் என்ற பயம்தான். "நான் போயிட்டா உடனே எழுதிடாதீங்க, கொஞ்ச நாள் பொறுத்து எழுதுங்க" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒளியலாம் என்று முதலில் பார்த்தேன். அவள் கொஞ்ச நாள் பொறுக்கத்தான் சொன்னாள், பொய் சொல்லச் சொல்லவில்லை.

அப்புறம், "கையப் பிடிச்சுச் சத்தமா ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவளை எழுப்பும் என்று கேட்க எனக்கு விசுவாசம் போய்விட்டது. எடுத்துக்கொள்ளும் என்று கேட்க மனசில்லை. உபதேசியார் வீட்டில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. ரப்பர் பால் நிறுக்கும் மணி அடித்தது. "நிறுத்துப்போட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு நான் போகாவிட்டாலும் நிறுக்க வேறு ஆள் உண்டு. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

வேண்டுமென்றே மெதுவாக நிறுத்தேன். திரும்பி வந்தபோது காளியம்மா அவள் கண்ணை மூடிவிட்டுக் காலை நேராக்கிக்கொண்டிருந்தாள். "ஐயா, அம்மா ரொம்ப நேரம் உங்க சாமிகிட்ட என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு உங்க ஜெபம் தெரியாது. கையப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா தலைய ஆட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

ஒளித்த பாவம் இருக்கிறதா என்று கேட்டாயே, இதுதான். அவளைச் சாகடித்தது இது என்று நான் இப்போது நினைக்கவில்லை. ஆனால் இதை மறைக்கப்போய் எஸ்தரைப் படுக்க வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அத்தான் கோயிலில் வாசிக்கட்டும். என் பெயரைச் சொல்லியே வாசிக்கட்டும். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டுவதை அப்புறம் திட்டு.

ஜெயபாலன்


கிருபாபுரம்
11 டிசம்பர் 1927

தம்பி ஜெயபாலனுக்கு,

எஸ்தர் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைத் தெரிந்துகொள். தந்தி வந்த அன்றைக்கே வண்டி கட்டிவிட்டோம். அதை உன் அத்தான் எனக்கு வாசித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று கத்தினேன். அவர்கள் என்னிடம் வாதாடவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். கீறிச் சீழை எடுத்து எலும்பையும் சுரண்டினார்கள். இரண்டு வாரம் முந்தி வந்திருந்தால் கால் பழையபடி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இனி அந்த முழங்கால் மடங்காதாம். விந்தி விந்தித்தான் நடப்பாள்.

அதில் உன் பொய் எவ்வளவு, என் வாய் எவ்வளவு என்று பிரித்துப்பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அது என் பொய்யாகிவிடும். லீதியாள் போய்விட்டாள் என்பதைக்கூடத் தாங்கிவிடுவேன் போலிருக்கிறது, சேலை பிடித்திருக்கிறது என்று எழுதினாயே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவளுக்கு நான் மாம்பழ நிறம் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறேன். இந்தக் கோபம் எப்போது தீரும் என்று எனக்கே தெரியவில்லை. தீரும்போது சொல்லுகிறேன். அதுவரை நீ எழுதிக்கொண்டிரு.

உன் கடிதத்தைக் கோயிலில் வாசிக்கவேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார்கள். இது பெண்கள் காரியம், பெண்களிடம் வாசி என்றார்கள். முந்தாநாள் வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடினோம். நான்தான் வாசித்தேன். நீ பால் நிறுக்கப் போனதைப்பற்றி ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்காக அவள் வெட்கப்பட்டாள் என்ற இடம் வந்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவள் வாங்கி வாசித்தாள். எழும்பு எழும்பு என்று கடல் தாண்டி அவளை எத்தனை பேர் நெருக்கியிருக்கிறோம்! காய்ச்சலில் கிடந்தவள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். நாங்கள் அதை அன்பு என்றுதான் நினைத்தோம்.

பக்கத்து ஊர் விதவையின் வீட்டுக்குப் போனேன். அவள் பெயர் மரியநேசம். இவ்வளவு நாள் பெயரைக்கூட உனக்கு எழுதவில்லை பார். மன்னித்துக்கொள் என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மோர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைக்கு அவளும் வந்து நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

வாசித்து முடித்ததும் ஜெபத்தை யார் தொடங்குவது என்று தெரியாமல் எல்லாரும் தலை குனிந்துகொண்டிருந்தோம். என்னத்தைக் கேட்பது? அப்போது வெள்ளையம்மா எழுந்து நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "ஏ லீதியாளு, நீ எழும்பாமப் போனதுக்கு எங்களுக்கு ஒரு அவமானமும் இல்லட்டி. நாங்க நல்லா சாப்பிடுதோம். நீ நிம்மதியா கிட தாயி."

செத்தவர்களோடு பேசுவது நம்முடைய சபையில் கிடையாது. அது உனக்கும் தெரியும். உன் அத்தான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கண்டிக்கப் போகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். முதல் ஆமென் அவர்கள்தான் சொன்னார்கள்.

அக்காள்,
ஞானதீபம்